அப்பாகிட்ட சொல்லு, அம்மாகிட்ட சொல்லு

1

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் அது நல்ல சேதியாக இருக்காது. இந்த நாட்டுக்கு வந்து நான் படித்த முதல் பாடம் அது. போன வாரம் ஒரு மத்தியானம் வந்தது. பாரீசுக்கு வடக்கே ஒரு புறநகரில், முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் நான் வேலை பார்க்கிறேன். கேரட் சீவிக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு எடுத்தேன். பேசியவர் பள்ளியின் நர்ஸ். என் பிரெஞ்சு அடுப்படி அளவுக்குத்தான் வரும், போனில் அதுவும் பாதியாகிவிடும். கதிருக்கு அடிக்கடி வயிற்றுவலி வருகிறது, டாக்டர் பார்த்துவிட்டார், உடம்பில் கோளாறு ஒன்றுமில்லை, அதனால் அம்மா, அப்பா, பிள்ளை மூவரும் குடும்ப ஆலோசகரைப் பார்க்க வர வேண்டும். இவ்வளவு புரிந்தது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினேன். போனில் தலையாட்டுகிற ஆள் நான்.

கதிர் எங்கள் ஒரே மகன், பதினாலு வயது. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வான், பிரெஞ்சில் கேட்டால் என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வான். ஆனால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவன்தான் எனக்கு வாய். வீட்டு வாடகைச் சலுகை, விசா புதுப்பிப்பு, பல் டாக்டர், எல்லா இடத்திலும் எனக்கும் அதிகாரிக்கும் நடுவில் நின்று பேசுவான்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பாண்டிச்சேரிக்காரர், விமான நிலையத்தில் துப்புரவு வேலை. முகம் வெளுத்துவிட்டது.

"போவக் கூடாது. அங்கல்லாம் போனா புள்ளையப் புடுங்கிக்கினு போயிடுவாங்க. தமிழ்க் கடையில பேசிக்கினாங்களே, கேக்கல நீ?"

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. ரெண்டு மாதத்துக்கு முன்னால், ரயிலடியில் கதிர் தன் சிநேகிதர்களோடு நின்றிருக்கிறான். இவர் வேலை உடுப்போடு போய்ப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அவன் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். எல்லார் முன்னாலும் இவர் அவன் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டார். அன்றிலிருந்து ரெண்டு பேரும் பேசுவதில்லை. ஆலோசகரிடம் அவன் அதைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய பயம்.

எனக்கும் பயம்தான், ஆனால் என்னுடையது பழைய பயம். அப்படி ஓர் அறைக்குள் நான் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறேன். அது விழுப்புரத்தில், எண்பதுகளின் நடுவில். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

2

நாங்கள் திண்டிவனம். அப்பாவுக்கு மல்லாட்டை மண்டியில் மூட்டை எடை போடுகிற வேலை; வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். அம்மா பிறந்தது விழுப்புரம். அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அவளுடைய அண்ணன் ஒருத்தர்தான், என் மாமா. எனக்குப் பிறகு ஒரு தம்பி பிறந்து ஏழாம் மாதத்தில் இறந்துபோனான். அதற்கும் ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவன் சண்முகம்.

சண்முகத்துக்கு மயிலம் கோயிலில் காது குத்து. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், கடுக்கனும் மாமன் கொண்டுவந்ததாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலைமேல் எல்லாரும் காத்திருந்தோம். மொட்டை போட்டாகிவிட்டது, சந்தனம் பூசியாகிவிட்டது, மாமாவைக் காணோம். அப்பா வாட்சைப் பார்ப்பதும் படியைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"எமகண்டம் வந்துடும். ஜல்தி குத்திடுங்க ஆசாரி."

"எங்கண்ணன் வராம எப்டிங்க?" என்றாள் அம்மா.

"வந்தா வரட்டும். நேரம் நமக்காவ நிக்குமா?"

அப்பா தன் அக்கா வீட்டுக்காரர் மடியில் சண்முகத்தை உட்கார வைத்தார். கடுக்கன் இல்லாததால் ஆசாரி தன்னிடம் இருந்த செம்புக் கம்பியைப் போட்டே குத்திவிட்டார். பிள்ளை வீறிட்டு அழுதான், அம்மாவும் அழுதாள்.

அழுகை ஓயும் நேரத்தில் மாமா படியேறி வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கையில் வரிசைத் தட்டு, மேலே மூடிய துணி காற்றில் போகாமல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"விக்கிரவாண்டியில பஸ்ஸு நின்னுபோச்சு. வேற பஸ்ஸு புடிச்சி, கூட்டேரிப்பட்டுல எறங்கி நடந்தே வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பிள்ளையின் காதைப் பார்த்தார். "குத்தியாச்சா?" என்றார். அவ்வளவுதான். தட்டை முருகன் சன்னிதியில் வைத்தார், வந்த வழியே இறங்கிப் போனார். கடுக்கன் அவர் சட்டைப் பையிலேயே போய்விட்டது.

அன்றோடு அம்மா அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினாள்.

3

எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ரெண்டு பக்கத்துப் பெரியவர்களும் எங்கள் வீட்டில் கூடி, தப்பு யார் மேல் என்று விசாரித்தார்கள். காபி குடித்துவிட்டு ஒரு பக்கம் அப்பா மேல் என்றது, இன்னொரு கிளாஸ் வாங்கிக் குடித்துவிட்டு மறுபக்கம் மாமா மேல் என்றது. அப்பா தட்டு வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கடைசியில் தீர்ப்பு. "நேரத்துக்கு வராத ஆளு கால்ல நான் உழுவணுமா?" என்று அப்பா எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவரும் அம்மாவிடம் பேசுவதை விட்டார். சமாதானம் பண்ண வந்தவர்கள் இருந்த பாதிப் பேச்சையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பேசாவிட்டாலும் குடும்பம் நடக்க வேண்டுமே. அதற்கு நான் இருந்தேன்.

"பாப்பா, உங்கப்பாகிட்ட சொல்லு, அரிசி தீந்துபோச்சு."

அப்பா நாலடி தள்ளி உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருப்பார். அம்மாவின் குரல் அவர் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. இருந்தாலும் நான் போய் அவர் முன்னால் நின்று, "அப்பா, அரிசி தீந்துபோச்சாம்" என்பேன்.

"வாங்கியார்றேன்னு சொல்லு."

நாலடி நடந்து வந்து அதையும் சொல்வேன்.

முதலில் எனக்கு இது பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் சொற்கள் மாறின. "எங்கண்ணன அவமானப்படுத்தன மனுசன் வாங்கியார்ற அரிசி எனக்கு எறங்கலன்னு சொல்லு." இதை நான் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் கோபம் என் முகத்தில்தான் விழும். "எறங்கலன்னா பட்டினி கெடக்கச் சொல்லு" என்பார். அதைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வருவேன். அவள் அழுகையையும் நான்தான் பார்க்க வேண்டும்.

பயம் அப்படித்தான் பிடித்தது. எந்தச் சொல்லில் வீடு ரெண்டாகும் என்று தெரியாது. அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வரப்போகிறது என்பது மட்டும் தெரியும். அம்மா ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவிடம், "சின்னவன இட்டுக்கினு அண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன், பாப்பா அவங்கப்பாகிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். சண்முகத்தின் காதில் அந்தச் செம்புக் கம்பி அப்படியே இருந்தது. சீழ் வைத்து, ஆறி, மறுபடி சீழ் வைக்கும். கழற்றிப் போட அம்மா விடவில்லை. எங்கண்ணன் கையால்தான் மாற்ற வேண்டும் என்று பிடிவாதம்.

பள்ளிக்கூடம் விடும் மணி அடித்தாலே எனக்கு வயிறு பிசைய ஆரம்பித்துவிடும். பெரியாஸ்பத்திரியில் காட்டினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், நிற்கவில்லை. அங்கே ஒரு நர்ஸம்மா என்னைத் தனியாக நிறுத்தி, "வூட்ல இன்னா நடக்குது?" என்று கேட்டார். சொன்னேன். அவர் அம்மாவைக் கூப்பிட்டார்.

"விழுப்புரத்துல, ஸ்டேஷனுக்குக் கிட்ட மாடியில ஒரு எடம் இருக்குது. குடும்ப ஆலோசனைன்னு போர்டு போட்டிருக்கும். அங்க இட்டுக்கினு போங்க."

அம்மா பயந்துவிட்டாள். "புருசன் பொண்டாட்டிய அத்து விடற எடமா?"

"இல்லம்மா. பேச வெக்கற எடம்."

அப்பாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். "பாப்பா வைத்தியத்துக்குன்னா வர்றேன்னு சொல்லு" என்றார்.

4

பஸ்ஸில் அம்மாவும் சண்முகமும் முன்னால், அப்பா பின்னால். நான் நடுவில் எங்கேயோ கம்பியைப் பிடித்து நின்றேன். போலீஸ் இருக்கும், ஜட்ஜ் இருப்பார், அப்பா ஒரு பக்கம் அம்மா ஒரு பக்கம் நிற்க, உனக்கு யார் வேண்டும் என்று என்னைக் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். விக்கிரவாண்டி வரைக்கும் யார் பேரைச் சொல்வது என்று யோசித்தேன். விழுப்புரம் வந்தும் முடிவாகவில்லை.

மாடியில் ஒரு மேசை, நாலு இரும்பு நாற்காலி, மூலையில் தண்ணீர்ப் பானை. ஸ்டெல்லா மேடம் என்று ஒருவர். நூல் புடவை, கண்ணாடி, சத்தமில்லாத பேச்சு. அப்பாவைப் பார்த்து, "சொல்லுங்க" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு பாப்பா."

அம்மாவைக் கேட்டார். அவளும் என்னைத்தான் பார்த்தாள். "அவங்கப்பாவையே சொல்லச் சொல்லு பாப்பா, அவர் பண்ணத."

நானும் பழக்கதோஷத்தில் அப்பா பக்கம் திரும்பி, "உங்களையே சொல்லச் சொல்றாங்க" என்றேன்.

மேடம் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு எத்தினி மாசமா இந்த வேலை பாக்குது?"

அப்பா தண்ணீர்ப் பானையைப் பார்த்தார், அம்மா சண்முகத்தின் சட்டையைச் சரிசெய்தாள்.

"சரி. அடுத்த வாரம் நீங்க வர்ற வரைக்கும் இவ வாயால ஒரு வார்த்தகூட இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் போவக் கூடாது. பேசணும்னா நீங்களே பேசுங்க. முடியலியா, பேசாம இருங்க. சண்ட போட்டாக்கூட பரவால்ல, நேராப் போடுங்க." பிறகு என் பக்கம் குனிந்தார். "யார் சொல்லி அனுப்பனாலும் போவாதடா கண்ணு. அது உன் வேலை இல்ல."

திரும்பி வருகையில் அப்பா பஸ் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "தப்பு யாரு மேலன்னு கேக்கவே இல்லியே அந்தம்மா. இதுக்கா வேலைய உட்டுட்டு வந்தோம்?"

5

அந்த வாரம் முழுக்க நான் வாயை மூடிக்கொண்டேன். வீட்டில் பேச்சே இல்லை. அரிசி தீர்ந்தது, யாரும் யாரிடமும் சொல்லவில்லை, கேப்பைக் கூழே குடித்தோம். அப்பாவின் சட்டை துவைக்காமல் கிடந்தது. நான் சொல்லாமல் இருப்பதால்தான் எல்லாம் கெட்டுப்போகிறதோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வயிற்றுவலி குறைந்தபாடில்லை.

ஒரு சாயங்காலம், அப்பா புறக்கடையில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"உங்கப்பாகிட்ட போயி சொல்லு. காலையில சம்முவத்த இட்டுக்கினு விழுப்புரம் போறேன். இனிமேட்டு திரும்பி வரமாட்டேன்."

நான் பயந்துகொண்டிருந்த சொல் வந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு கால் தானாக நடந்தது. அப்பா முன்னால் போய் நின்றேன்.

"இன்னா பாப்பா?"

வாயைத் திறந்தேன். சொன்னால் வீடு உடையும். சொல்லாவிட்டால் அம்மா போவது அப்பாவுக்குத் தெரியாமலே போகும். எது பெரிய ஆபத்து என்று என்னால் கணக்குப் போட முடியவில்லை. மேடம் சொன்னது ஒன்றுதான் பிடித்துக்கொள்ளக் கிடைத்தது. அது உன் வேலை இல்ல.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

காலையில் அம்மா பையோடு கூடத்துக்கு வந்தாள். இடுப்பில் சண்முகம். அப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பையைப் பார்த்தார், என்னைத் தேடினார். நான் கதவைப் பிடித்து நின்றிருந்தேன், அசையவில்லை. வேறு வழியில்லாமல் அவர் அம்மாவையே கேட்டார்.

"எங்க கெளம்பிட்ட?"

அம்மா திகைத்துப்போனாள். "அதான் நேத்தே சொல்லி அனுப்பனேனே."

"எங்கிட்ட யாரும் வந்து சொல்லலியே."

ரெண்டு பேரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள்.

"சொன்னியா இல்லியாடி?" அம்மா கத்தினாள். "வாயத் தொறந்து சொல்லேன்!"

கதவைப் பிடித்திருந்த கை ஆடியது, கதவும் சேர்ந்து ஆடி, தாழ்ப்பாள் கடகடவென்று அடித்துக்கொண்டது.

"உடு அவள" என்றார் அப்பா. "அவ கையப் பாரு. எப்டி நடுங்குது பாரு."

அம்மா பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"எத்தினி நாளா இப்டி?" என்று கேட்டாள். என்னை அல்ல, அப்பாவை.

"எனக்கு இன்னா தெரியும். நீ பாத்தியா?"

"நானும் பாக்கலியே."

அன்று அம்மா விழுப்புரம் போனாள். நாலு பேருமாகப் போனோம், அதே பஸ்ஸில். மாமா வீட்டுக்கு இல்லை, அந்த மாடிக்கு.

6

ஸ்டெல்லா மேடம் மாமாவுக்கும் சொல்லி அனுப்பி வரவழைத்தார். என்னை வெளி பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கதவு திறந்துதான் இருந்தது. தப்பு யார் மேல் என்று அன்றும் அவர் கேட்கவில்லை. அன்னிக்கு மலைமேல உங்களுக்கு என்ன பயம், என்றுதான் மூன்று பேரையும் கேட்டார்.

அப்பா முதலில் பேசினார். "இவனுக்கு முன்னால ஒண்ணு பொறந்து, காது குத்தாமலே பூடுச்சுங்க. அன்னிக்கு மலைமேல எமகண்டம் வரப்போவுதுன்னு யாரோ சொன்னாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எப்டியாவது குத்திப்புட்டா இவன் நிப்பான்னு தோணுச்சு."

அம்மா தலையை நிமிர்த்தினாள். "அந்தப் புள்ளைய நீங்க நெனச்சிக்கினு இருந்தீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்லியே."

"நீ அழுவியேன்னு சொல்லல."

அம்மா தன்னுடையதைச் சொன்னாள். "அண்ணன் கோச்சிக்கினு எம்வூட்டு வாசல மிதிக்கலன்னா, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா ஓடறதுக்கு எனக்கு எடம் ஏதுங்க?"

மாமா சட்டைப் பையில் கையை விட்டார். காகிதப் பொட்டலம். "எனக்குப் புள்ள இல்ல. தங்கச்சி புள்ளைய மடியில வெச்சிக்கற பாக்கியமும் பூடுச்சேன்னு இதயே பாத்துக்கினு இருந்தேன் மாப்ள." கடுக்கனை அவர் வீட்டில் எங்கும் வைக்காமல் கூடவே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த இரும்பு நாற்காலியிலேயே சண்முகத்தை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர்ப் பானையின் பக்கத்திலேயே செம்புக் கம்பியைக் கழற்றினார். பிள்ளை கத்தினான். புதுக் கடுக்கனைப் போடும் முன், "எமகண்டம் இன்னா ஏதுன்னு பாக்கலியா மாப்ள?" என்று கேட்டார்.

"உங்க மடியிலதான இருக்கறான்" என்றார் அப்பா.

அதன் பிறகு என் அப்பா அம்மா ஒற்றுமையாக வாழ்ந்தார்கள் என்று எழுதினால் அது பொய். ரெண்டு பேருக்கும் வாய் நீளம். இன்னும் நாலைந்து தடவை அந்த மாடிக்குப் போனார்கள். வருஷக் கணக்காகச் சண்டை போட்டார்கள், ஆனால் நேராகப் போட்டார்கள். எனக்கு வயிற்றுவலி நின்றது.

7

ஆலோசகரைப் பார்க்கப் போகும் ரயிலில் இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சொன்னதில்லை. கதிர் தள்ளி, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். "அது நம்ம ஊரு. இது இவங்க ஊரு" என்றார் அவர். இவர்கள் ஊரில் என்ன செய்வார்கள் என்று எனக்கும் தெரியாது.

ஆலோசகர் நரைத்த தலைமுடியுள்ள, கனிவான ஒரு பெண்மணி. என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். கதிர் வழக்கம்போல அதைத் தமிழாக்க ஆரம்பித்தான். அந்தம்மா கையை உயர்த்தி அவனை நிறுத்தி, போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிற ஒரு பெண். "பிள்ளை இந்த வேலையைச் செய்யத் தேவையில்லை எண்டு சொல்லுறா" என்றது போன். எனக்கு விழுப்புரத்து மாடி கண்முன்னால் வந்துவிட்டது. கதிரைப் பார்த்தேன். அவன் தோள் இறங்கியதை அப்போதுதான் கவனித்தேன். அவ்வளவு நாளும் அது ஏறியே இருந்திருக்கிறது.

கன்னத்தில் அடித்ததை அவன் சொன்னான். அந்தம்மா எழுதிக்கொண்டார். வீட்டுக்காரரின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. பிறகு அவரைக் கேட்டார்கள். அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "என் வேல உடுப்பப் பாத்து அவன் வெக்கப்பட்டான். எம்புள்ளைக்கு நான் வேணாதவனா பூட்டனோன்னு பயந்துட்டேன்." போனில் அந்தப் பெண் அதைப் பிரெஞ்சாக்கும் முன்பே கதிருக்குப் புரிந்துவிட்டது. இது பற்றி இன்னும் பேச வேண்டும், ரெண்டு வாரம் கழித்து மறுபடி வாருங்கள் என்றார்கள். அது நல்லதா கெட்டதா என்று இன்னும் எங்களுக்குத் தெரியாது. மாடிப்படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும், பிள்ளையைக் கொண்டுபோக வந்துவிட்டார்களோ என்று எட்டிப் பார்க்கிறேன்.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்தேன். வீட்டுக்காரர் உட்கார்ந்தார். கதிர் அவன் அறையில், கதவு சாத்தியிருந்தது. ரெண்டு மாதமாக வழக்கம் என்னவென்றால், இவர் என்னிடம் சொல்வார், நான் போய்க் கதவைத் தட்டுவேன்.

"உம்புள்ளைய சாப்பிட வரச்..." என்று ஆரம்பித்தார்.

நான் அசையவில்லை. கரண்டியைப் பிடித்து நின்றேன். போகாவிட்டால் என்ன ஆகும்? அவன் வரமாட்டான், இவர் சாப்பிடமாட்டார், வீடு இப்படியே உறைந்துபோகும், ரெண்டு வாரத்தில் அந்தம்மாவின் பேனா இன்னும் நிறைய எழுதும். கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் பட்டுச் சத்தம் போட ஆரம்பித்தது.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, அந்தக் கதவுக்கு அவரே நடந்து போனார்.

"கதிரு" என்றார். "அப்பாதான்டா. சாப்பிட வர்றியா?"

நான் கரண்டியை ரெண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன கொழம்பு?" என்று கேட்டான் கதிர், தமிழில்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அடுப்படிக்கு வந்து, மூடியைத் தூக்கிப் பார்த்து, அவரே சொன்னார்.